புல்வெட்டும் பொறியும் 'ஆள் வருவான்' கூட்டமும்

அமெரிக்கா சென்று திரும்பும் தமிழ் எழுத்தாளரின் பயணக் கட்டுரையில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். பெரிய பதவியில் இருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் சனிக்கிழமைக் காலையில் அரைக்கால் சட்டையோடு தம் வீட்டு முற்றத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நடப்பார். நம் எழுத்தாளர் காப்பிக் கோப்பையோடு சன்னலருகே நின்று அதைக் கண்டு வியப்பார், அல்லது நகைப்பார். 'நம்மூர்த் தாசில்தார் இதைச் செய்வாரா?' என்று ஒரு கேள்வி எழும். அடுத்த பத்தியில் நயாகரா வந்துவிடும். இருபது ஆண்டுகளாக இந்தப் பத்தியை வெவ்வேறு பெயர்களின் கீழ்ப் படித்து வருகிறோம். சன்னலை விட்டு வெளியே வந்து, அந்த இயந்திரத்தைச் சாய்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவரையும் இதுவரை கண்டோமில்லை.

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஓஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரின் புறநகர் ஒன்றில், தம்பியின் வீட்டில் தங்கியிருந்தோம். சாய்த்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வாய்த்தது. பார்த்தபின் மேற்படி எழுத்தாளர்கள்மீதும், அவர்களுக்கு விருந்தோம்பும் நம் புலம்பெயர் உறவினர்கள்மீதும், எல்லோருக்கும் மேலாக நம்மீதும் உண்டான சினத்தையே இங்கே எழுதுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சின் எண்ணெய் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். நாம் போய் இறங்கிய வாரத்தில் தம்பிக்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்முற்றத்துப் புல் அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டது, பத்து நாளுக்குள் வெட்டாவிட்டால் தண்டத்தொகை என்பது அதன் சாரம். மே மாதத்து ஓஹாயோவில் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, புல் விறுவிறுவென எழுந்து நிற்கிறது. வழக்கமாக வந்து வெட்டும் குழு இரண்டு வாரமாக வரவில்லை. கராஜின் மூலையில் பெட்ரோலில் ஓடும், பின்னால் நின்று தள்ளிச்செல்லும் வகையைச் சேர்ந்த புல்வெட்டி ஒன்று இருந்தது. 2019இல் வீடு வாங்கிய சூட்டில் நானூறு டாலர் கொடுத்து வாங்கியதாம். முதலிரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறான். பிறகு குழு வந்தது. இயந்திரம் மூலைக்குப் போனது.

தம்பி கயிற்றை இழுத்தான். இருபது முறை, முப்பது முறை இழுத்தான். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பொறியியலில் முதுகலை முடித்தவன் அவன். நாம் கேட்டோம், "பிளக்கைக் கழட்டிப் பாத்தியா?" அவன் நம்மைப் பார்த்த பார்வையை மறக்க இயலாது. "விடுங்கக்கா. இதெல்லாம் நமக்கெதுக்கு? ஆள் வருவான்."

மறுநாள் மாலை வந்த அவனுடைய நண்பர்கள் இருவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். ஒருவர், தூக்கித் தெருவோரம் வைத்துவிடு, செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி எடுத்துப்போகும் என்றார். மற்றவர், பேட்டரியில் ஓடுவது வாங்கு, பராமரிப்பே கிடையாது என்றார். கருவி பழுதானால் அதைத் திறப்பது என்பது மூவரில் ஒருவருக்கும் வழியாகவே தோன்றவில்லை.

'ஆள் வருவான்.' இந்த இரு சொற்களை நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறோம். தேங்காய் பறிக்க ஆள் வருவான். சாக்கடை அடைத்தால் ஆள் வருவான். மின்விசிறி நின்றால் ஆள் வருவான். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, வீட்டுக்குள் அவன் எதுவரை வரலாம் என்பதற்கு மட்டும் எல்லை உண்டு. தமிழில் 'ஆள்' என்பது பெயராக நின்றால் ஏவல் செய்பவன். வினையாக நின்றால் அரசு செலுத்துவது, கையில் எடுத்துப் பயன்படுத்துவது. கையாளத் தெரியாத குலத்துக்குத்தான் கையாள் தேவைப்படுகிறான். இதைக் கல்லூரி வகுப்பில் சொன்னால் சொல்லாராய்ச்சி என்று குறித்துக்கொள்வார்கள். சொந்த வீட்டு விருந்தில் சொன்னால் 'அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறார்கள்.

ஏறத்தாழ பதினான்காயிரம் கிலோமீட்டர் கடந்து போய், கிணற்றடியும் மாட்டுத்தொழுவமும் இல்லாத ஒரு நாட்டில், நம்மவர்கள் முதலில் கண்டுபிடித்துக்கொண்டது இந்த ஆளைத்தான். வாரந்தோறும் வந்து புல்வெட்டிச் சென்ற இருவர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களா, குவாதமாலாவிலிருந்து வந்தவர்களா என்று தம்பிக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளாக வந்தவர்களின் பெயரும் தெரியாது. அமெரிக்க அரசு வேளாண்மை அல்லாத பருவகாலப் பணிகளுக்கு வழங்கும் எச்-2பி விசாவுக்கு ஆண்டுக்கு 66,000 என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அவ்விசாவில் வருவோரில் மிகப் பெரிய பிரிவினர் புல்தரை, தோட்டப் பராமரிப்புப் பணியாளர்களே. விசா எண்களைப் பற்றிய பேச்சென்றால் நம்மவர்கள் நடுநிசிவரை பேசுவார்கள். எச்-1பிக்கு எத்தனை, பச்சை அட்டைக்கு எத்தனை ஆண்டு என்பதெல்லாம் விரல்நுனியில். தம் முற்றத்தில் நிற்பவன் எந்த எழுத்தின் கீழ் வந்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய புல்வெட்டி இருபது வயதைக் கடந்தது. வண்ணம் உதிர்ந்து, கைப்பிடியில் கம்பி சுற்றி, ஆனால் ஒரே இழுப்பில் உறுமும். அவரிடம் போய் பாக்ஸ் ஸ்பேனர் கேட்டோம். கருவிப்பெட்டியோடு அவரே வந்துவிட்டார். அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது நம் நோக்கமன்று. புல்லிடையே மஞ்சள் பூப்பூக்கும் டான்டிலியன் செடி ஒன்று தலைகாட்டினாலும் நஞ்சைத் தெளிப்பவர் அவர். அன்று பிற்பகல் நமக்குக் கருவி கொடுத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், நம் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கவில்லை. இந்தக் கடைசிப் பண்பு நம்மூர் ஆண்களிடம் அரிது.

முதல் வேலை பிளக்கின் தலையிலிருந்து ஒயரைப் பிடுங்கி ஒதுக்கிவைப்பது. அதைச் செய்யாமல் அடியில் கைவிடக் கூடாது. காரணம் எளியது. இவ்வகைப் புல்வெட்டியில் எஞ்சினின் கிராங்க் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கிறது. அதன் நுனியிலேயே வெட்டுத்தகடு நேராகத் திருகப்பட்டிருக்கிறது. இடையில் கிளட்ச் இல்லை. தகட்டைக் கையால் சுற்றினால் பிஸ்டனும் நகரும். பிளக்கில் ஒயர் இருந்து உள்ளே சிறிது பெட்ரோலும் இருந்தால் ஒருமுறை வெடித்துத் தகடு சுழன்றுவிடலாம். கைப்பிடியில் உள்ள நெம்புகோலை விட்டால் மூன்று நொடிக்குள் தகடு நின்றுவிட வேண்டும் என்று 1982 முதல் அமெரிக்க விதி இருக்கிறது. அவ்விதி எத்தனை விரல்களுக்குப் பிறகு வந்தது என்பதை முதியவர் தம் இடக்கையை விரித்துக் காட்டிச் சொன்னார். நடுவிரல் பாதிதான் இருந்தது.

இரண்டாவது, பெட்ரோல். தொட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தால் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பசையாக மாறத் தொடங்கும். அந்தப் பசை போய் அடைக்கும் இடம் கார்புரேட்டர். அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தை ஒரே ஒரு திருகு தாங்கியிருக்கிறது. கழற்றினால் உள்ளே மிதவை, ஊசி, எரிபொருள் ஏறும் துளை. துளை என்றால் குண்டூசி நுழையத் தயங்கும் துளை. நம் தம்பியின் இயந்திரத்தில் அந்தத் துளையைப் பச்சைநிறப் பிசுக்கு மூடியிருந்தது. முப்பது முறை கயிறு இழுத்துத் தோள் வீங்கியதற்கு இந்தக் கடுகளவு பிசுக்கே காரணம். கரைப்பான் தெளித்து, செம்புக் கம்பியின் ஓர் இழையால் துளையைத் துழாவி, ஊதித் துடைத்துப் பூட்ட நாற்பது நிமிடம் ஆயிற்று. பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும்.

காற்று வடிகட்டி, தாளால் ஆனது, புல்தூள் படிந்து அட்டைபோல் ஆகியிருந்தது. எண்ணெய்க்கோலை உருவினால் தார் நிறம். ஐந்தாண்டாக ஒருமுறையும் மாற்றியதில்லை. இத்தகைய எஞ்சினுக்கு அரை லிட்டரை ஒட்டிய எண்ணெய்தான் பிடிக்கும். காரில் இருப்பதுபோல் எண்ணெய் வடிகட்டி பெரும்பாலும் இதில் இல்லை. உள்ளே தேயும் உலோகத்தூள் முழுவதையும் அந்த அரை லிட்டரே சுமக்க வேண்டும். ஆகவேதான் ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றச் சொல்கிறார்கள். புது எஞ்சினானால் முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கையேடுகளின் பழைய விதி. சாய்க்கும்போது காற்று வடிகட்டி இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் வடிகட்டிக்குள் பாய்ந்து, அடுத்த முறை கிளப்பும்போது தெருவே வெண்புகையில் மூழ்கும். நண்பர்களில் ஒருவர், 'எங்கள் புல்வெட்டி புகை விட்டது, அதனால் தூக்கி எறிந்துவிட்டோம்' என்றார். எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை.

பிறகு தகடு. மழுங்கிய தகடு புல்லை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. பிய்ந்த நுனி இரண்டு நாளில் பழுப்பேறி, முற்றம் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். புல்லுக்கு நோய் என்று மருந்து வாங்கிவந்து கொட்டுவார்கள். மேரீஸ்வில் என்ற ஊர் கொலம்பசுக்கு வடமேற்கே அருகில்தான் இருக்கிறது. 1868இல் தொடங்கி, புல்விதையும் உரமும் விற்று உலகறிந்த ஸ்காட்ஸ் நிறுவனத்தின் ஊர் அது. அரத்தால் பத்து நிமிடம் தீட்டினால் தீரும் குறைக்கு அங்கிருந்து மூட்டை மூட்டையாகத் தீர்வு வருகிறது. தீட்டியபின் தகட்டின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து தன் தாங்கியைத் தானே தின்றுவிடும்.

எண்ணெய், வடிகட்டி, பிளக் மூன்றுக்கும் சேர்த்து முப்பது டாலர் ஆகவில்லை. குழு ஒருமுறை வந்துபோவதற்கு ஐம்பது டாலர். ஆனால் இதைப் பணக்கணக்காகப் பார்ப்பவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

நம் தந்தையார் பல்லடம் அருகே ஆயில் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். மின் இணைப்புக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தோட்டக்காரர்கள் டீசல் எஞ்சினை வைத்தே கிணற்று நீரை இறைத்த காலம். மாட்டுவண்டியில் எஞ்சின் வரும். அதில் கார்புரேட்டரும் கிடையாது, பிளக்கும் கிடையாது, நாசிலும் பம்பும்தான். ஆனால் இயந்திரம் மூச்சுவிடும் வழியில் தூசி, உண்ணும் வழியில் அழுக்கு, எண்ணெயில் கருமை என்ற மூன்று வியாதிகள் அதற்கும் இதற்கும் பொது. பட்டறையில் ஒரு மூட்டை திருப்பூர் பனியன் வேஸ்ட் எப்போதும் இருக்கும். அதில் கைதுடைத்துத் துடைத்தும் அவருடைய நகக்கண் ஒருநாளும் வெளுத்ததில்லை. அவருடைய டி.வி.எஸ். 50இன் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பதை மட்டும் எட்ட நின்று பார்க்க விடுவார். கிட்டே போனால், "கைய வெக்காத கண்ணு. நீ படி" என்பார். பெண்பிள்ளை என்பதாலா, படிக்கும் பிள்ளை என்பதாலா என்று அப்போது புரியவில்லை. தம்பிக்கும் அதே கட்டளைதான் என்பதைப் பிறகு கண்டோம். தாம் செய்த வேலையைத் தம் மக்கள் தொடாமல் பார்த்துக்கொள்வதே தம் வாழ்வின் வெற்றி என்று அவரை நம்பவைத்தவர்கள் யார்? அவரைப் பட்டறை வாசலில் நிற்கவைத்து, 'ஏய், எஞ்சினுக்காரா' என்று கூப்பிட்டவர்கள்தாம்.

நாமும் குறைந்தவரல்லோம். கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்று எழுதினோம். முதுகலைப் பட்டமளிப்புக்கு அவர் வர ஆசைப்பட்டபோது, கூட்டமாக இருக்கும் அப்பா, சிரமப்படாதீர்கள் என்றோம். அவர் வரவில்லை. 2011இல் மறைந்தார். திருக்குறளின் 104ஆம் அதிகாரமான உழவை ஆண்டுதோறும் மேடையில் நின்று நடத்துகிறோம். உழைப்பின் மேன்மை குறித்துத் தேர்வில் கட்டுரை கேட்டு, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். சுண்ணக்கட்டியைத் தவிர வேறொன்றும் ஒட்டாத விரல்களால்.

ஓஹாயோவின் கராஜ் தரையில் மண்டியிட்டு, அந்தக் கிண்ணத்தின் திருகைக் கழற்றியபோது வழிந்த பெட்ரோல் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடியது. பட்டறையின் வாடை முழுவதும் அந்த ஒரு துளியில் இருந்தது. இதற்குமேல் அதைப்பற்றி எழுத நமக்கு விருப்பமில்லை.

நம்மை மறுக்க வருவோர் இரு வகையினர். முதல் வகையினர் பசுமையாளர்கள். 'புல்வெட்டியே வேண்டாத பொறி, அதன் பராமரிப்பைப் போய்ப் புகழ்கிறீர்களே' என்பார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை, ஒப்புகிறோம். வணிகப் பயன்பாட்டுப் புல்வெட்டி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், 2016ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் ஏறத்தாழ 300 மைல் ஓடும்போது வெளியிடும் அளவுக்குப் புகைமூட்டம் உண்டாக்கும் மாசை வெளியிடுகிறது என்று கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. அம்மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 முதல் புதிய சிறு பெட்ரோல் எஞ்சின் கருவிகளின் விற்பனைக்குக் கதவடைத்தது. ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டி தயாரிப்பதை 2023இல் நிறுத்திக்கொண்டது. பெட்ரோல் புல்வெட்டியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. முடியட்டும். தம்பியின் இயந்திரம் உயிர்விட்டால் இன்னொன்று வாங்காதே என்றுதான் நாமும் சொல்லி வந்தோம்.

புல்தரையே வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் நாம் வழக்கறிஞர் அல்லோம். அமெரிக்காவில் பாசனம் பெறும் எந்தத் தனிப்பயிரைவிடவும், மக்காச்சோளத்தைவிடவும் கூட, மும்மடங்கு பரப்பில் புல்தரை விரிந்திருக்கக்கூடும் என்று 2005இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு மதிப்பிட்டது. தின்ன ஆடில்லாத புல். இந்தப் புல்லை ஒழுக்கத்தின் அடையாளமாக்கிய இடங்களில் ஒன்று, இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழத் தொடங்கிய லெவிட்டவுன். ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒருமுறையேனும் புல்வெட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு அங்கே எழுத்தில் நிபந்தனை இருந்தது. அதே குடியிருப்பின் தொடக்ககால ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. புல்லின் உயரத்தையும் மனிதனின் நிறத்தையும் ஒரே கை அளந்தது. ஃப்ளோரிடாவின் டனீடின் நகரில் 2018இல் முதியவர் ஒருவர் இறந்த தாயின் வீட்டுக் காரியங்களைப் பார்க்க வெளியூர் போயிருந்த சமயம் புல் வளர்ந்துவிட, நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் தண்டம் ஏறி, முப்பதாயிரம் டாலரை நெருங்கியது. நகராட்சி அவருடைய வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோக முனைந்தது. இந்தக் கூத்தையெல்லாம் எதிர்த்துப் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்ப்பவர் இருந்தால் அவருக்கு நம் வணக்கம். தம்பியிடம் அதையும் சொன்னோம். சங்கம் ஒப்பாது என்றான்.

ஆனால் பசுமையின் பெயரால் நம்மவர் செய்வது அதுவன்று. புல்லும் இருக்கும், சங்கமும் இருக்கும், பழைய புல்வெட்டி குப்பைமேட்டுக்குப் போகும், புதிது பெட்டியில் வரும், 'பராமரிப்பே இல்லை' என்று அட்டையில் அச்சடித்திருக்கும். பேட்டரியில் ஓடினாலும் தகடு மழுங்கத்தான் செய்யும், அடித்தட்டில் ஈரப்புல் அப்பித் துருப்பிடிக்கத்தான் செய்யும். அதைத் தீட்டவும் சுரண்டவும் கை வேண்டும். பெட்ரோல் எஞ்சினிலேயே இந்த ஏமாற்று தொடங்கிவிட்டது. எண்ணெய் மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றினால் போதும் என்று விளம்பரப்படுத்திய எஞ்சின்கள் 2010களின் நடுவில் கடைக்கு வந்தன. அந்த முதியவர் அதைச் சொல்லிச் சிரித்தார். பல் துலக்க வேண்டாம், விழுந்தால் கட்டிக்கொள்ளலாம் என்பதுபோல என்றோம், இன்னும் சிரித்தார். மாசைப் பற்றிக் கவலைப்படுவோர் ஒன்றை எண்ண வேண்டும். வடிகட்டி அடைத்த எஞ்சினுக்குக் காற்று குறைகிறது, பெட்ரோல் மிகுகிறது, பாதி எரியாமல் நஞ்சாக வெளியேறுகிறது. வைத்திருக்கும்வரை அதைச் சுத்தமாக வைத்திராதவன் மாசைப் பற்றிப் பேசும் தகுதியை எங்கிருந்து பெற்றான்?

இரண்டாம் வகையினர் பொருளாதாரம் பேசுவோர். 'என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு எண்பது டாலர். அதை நான் ஏன் கார்புரேட்டரில் செலவழிக்க வேண்டும்? ஆளுக்கும் பிழைப்பு நடக்கிறதே' என்றார் தம்பியின் நண்பர். இந்த வாதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பண்ணையார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் டாலரில் சொல்லவில்லை, அவ்வளவே வேறுபாடு. உழைப்பை விற்பவனுக்குக் கூலி கொடுப்பதில் தவறேதும் இல்லை. முதுகு வலிப்பவர், முதியவர், இரண்டு வேலை பார்ப்பவர் ஆளை அழைக்கத்தான் வேண்டும். நாம் கண்டிப்பது அதையன்று. அந்த வேலை தமக்குக் கீழானது என்று உள்ளே ஒரு குரல் சொல்ல, அந்தக் குரலுக்கு மணிக்கணக்கின் முகமூடி மாட்டுவதைத்தான். எண்பது டாலர் மதிப்புள்ள மணியை அந்த நண்பர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். சூப்பர் சிங்கர் பார்த்தார்.

இந்தப் பொறியின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும், படித்த கை தொடாத பொருள் அன்று இது என்பது விளங்கும். இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் எட்வின் பட்டிங் என்ற இயந்திர வினைஞர், துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறைச் சிரைக்கும் பொறியைப் பார்த்து, இதே முறையில் புல்லையும் சிரைத்தால் என்ன என்று எண்ணி 1830இல் காப்புரிமை பெற்றார். அக்கம்பக்கத்தார் நகைப்பார்கள் என்று இரவில் சோதித்துப் பார்த்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியை ஒட்டிய கன்கார்டில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் 1952இல் தம் கராஜில் ஒரு புல்வெட்டியைக் கட்டினார். அதன் பெட்ரோல் தொட்டி, பீச் பழம் அடைத்துவந்த பழைய தகர டப்பா. அதிலிருந்துதான் விக்டா என்னும் பெயர்பெற்ற நிறுவனம் வளர்ந்தது. தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கும் துணிவு எங்கிருந்து வருகிறது? கையைக் கறையாக்கிக்கொள்ள அஞ்சாத இடத்திலிருந்து. நம் வீடுகளில் பிள்ளை ஒரு பழைய வானொலியைக் கழற்றினால் முதலில் விழுவது அடி. பிறகு அதே பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்து, நாடு ஏன் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று தலையங்கம் எழுதுகிறோம்.

அன்று மாலை ஆறு மணிக்கு இயந்திரத்தை முற்றத்துக்கு உருட்டினோம். நெம்புகோலை அழுத்திப் பிடித்துத் தம்பி கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் ஒரு தும்மல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சிறிது வெண்புகை வந்து அடங்கியது. புல் மிக உயர்ந்திருந்ததால் ஒரே முறையில் ஒட்ட வெட்டக் கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நேரத்தில் எடுத்தால் புல் வாடும் என்று முதியவர் எச்சரித்தார். சக்கரங்களை மேல்படியில் வைத்து ஒருமுறை, இரண்டு நாள் விட்டு ஒரு படி இறக்கி மறுமுறை. இரண்டாம் முறை நாமே தள்ளினோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளிய காட்சியை எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பம் சன்னலிலிருந்து கண்டது. அவர்கள் கையிலும் காப்பிக் கோப்பை இருந்தது.

கழித்த எண்ணெயை ஒரு குப்பியில் ஊற்றி, அதைப் பெற்றுக்கொள்ளும் கார் உதிரிபாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினோம். செய்வானா என்ற ஐயம் நமக்கு இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, இங்கே இரவு எட்டு மணி இருக்கும், தொலைபேசியில் கூப்பிட்டான். பின்னணியில் உலோகம் உருளும் ஓசை கேட்டது.

"அக்கா, குளிருக்கு முன்னாடி பெட்ரோலை வடிச்சுட்டேங்க. எண்ணெயும் எறக்கிட்டேன். ஆனா நாலு மாசத்துலயே ஒரே கறுப்பா வருது. ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"கறுப்பாத்தான் வரும். கையில தொட்டுப் பாரு, மணல்மாதிரி நெறுநெறுங்குதா?"

சிறிது நேரம் ஓசையில்லை.

"இல்லீங்கக்கா. வழுவழுன்னுதான் இருக்குது."

"அப்ப சரியாத்தான் இருக்குது. புதுசை ஊத்து."